சிகிச்சை பெறாதவர்கள் கற்பித்தது

பார்வை நரம்பின் முன்முனைக்குப் போகும் இரத்தம் திடீரெனக் குறைந்து, ஒரு கண்ணின் பார்வை வலியே இல்லாமல் போய்விடும் நோய் ஒன்று உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குத் திடீரென வரும் பார்வை நரம்புக் கோளாறுகளில் இதுவே அதிகம். அமெரிக்கக் கணக்குகளின்படி, அந்த வயதினரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 2 முதல் 10 பேரை இது தாக்குகிறது. சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மருத்துவ உலகம் இந்த நோயை அடையாளம் கண்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் போன பார்வையை மீட்டுத் தரும் என்று ஐயமற நிறுவப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை, சொட்டு மருந்து, கண்ணுக்குள் போடும் ஊசி, மரபணுவின் கட்டளையை இடைமறிக்கும் நுண்மருந்து என எல்லாம் முயன்று பார்த்தாயிற்று. இவற்றை வீண் உழைப்பு என்று தள்ளுவது தவறு என்பதே என் வாதம். இந்தத் தோல்விகள் இரண்டு உண்மைகளை நிலைநாட்டின. சிகிச்சை பெறாத கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதை அளந்து அறியாமல் எந்தச் சிகிச்சையையும் மதிப்பிட முடியாது என்பது முதலாவது. நரம்பு செல்லைக் காப்பது மணிக்கணக்கில் தீர்மானமாகிற காரியம், அதிலும் செல்லின் உடலை மட்டும் காத்தால் போதாது என்பது இரண்டாவது. முதல் உண்மை 1995இல் தெளிவாகிவிட்டது. இரண்டாவதை நாம் இன்னும் முழுமையாகச் செயலில் கொண்டுவரவில்லை.

நோயின் களம் மிகச் சிறியது. விழித்திரையின் உள்ளடுக்கில் இருக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றும் ஒரு நீண்ட இழையை மூளை நோக்கி அனுப்புகின்றன. ஒரு கண்ணில் இப்படிச் சுமார் 12 லட்சம் இழைகள். அத்தனையும் ஒன்றாகத் திரண்டு, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள வாசல் வழியாகக் கண்ணை விட்டு வெளியேறுகின்றன. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கண்நோக்கியைப் பற்றி எழுதியபின்தான் இந்த வாசலை உயிருள்ள மனிதரின் கண்ணில் பார்க்க முடிந்தது. 1859இல் பெர்லின் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபெ விழித்திரையின் மையத் தமனி அடைபட்ட நோயாளியைப் பற்றி விவரித்தார். ஆனால் நரம்பின் முனை வீங்கியிருந்தால் அதை அழற்சி என்றோ மூளை அழுத்தத்தின் விளைவு என்றோ கொள்வது வழக்கமாயிற்று. இரத்தக் குழாய் தடித்த முதியவர்களிடம் தோன்றும் இந்த வீக்கத்தைத் தனியாகக் குறித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஊட்ஹோஃப், ஆண்டு 1924. 1966இல் மில்லர், ஸ்மித் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இரத்தக் குறைவையே நோயின் பெயராக்கினார்கள்.

அந்த இரத்தம் எந்த வழியாக வருகிறது என்பதைத் துலக்கியவர் பஞ்சாபில் பிறந்த சோகன் சிங் ஹேரே. 1961இல் லண்டனுக்குச் சென்று, அன்றைய கண் மருத்துவ உலகின் பெருந்தலையான ஸ்டூவர்ட் டியூக்-எல்டரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். பின்னர் எடின்பரோ, அதன்பின் அமெரிக்காவின் அயோவா. நரம்பின் முன்முனைக்கு உணவூட்டுவது விழித்திரையின் மையத் தமனிதான் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், கண்ணின் பின்புறம் நுழையும் குறுந்தமனிகளே அந்த வேலையைச் செய்கின்றன என்று அவர் குரங்குகளில் செய்த சோதனைகளால் காட்டினார். விழித்திரைக்கான இரத்தத்தை அறவே நிறுத்தினால் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் அவர் அளந்தார். சுமார் 97 நிமிடம் வரை சேதமில்லை. 240 நிமிடத்தில் பேரழிவு. இந்த இரண்டு எண்களும் இந்த வரலாறு முழுவதற்கும் உரைகல்லாக இருக்கத் தகுந்தவை. பலருக்குப் பார்வை போனது காலையில் எழும்போதுதான் தெரியவருவதைக் கவனித்த ஹேரே, இரவில் இரத்த அழுத்தம் மிகவும் இறங்குவதே கடைசி அடியாக அமைகிறது என்று வாதிட்டார். பிறவியிலேயே நரம்பு வாசல் சிறுத்து, இழைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் கண்களை இந்த நோய் அதிகம் பிடிப்பதும் தெரியவந்தது. இரத்தம் குறைந்ததும் இழைகள் வீங்குகின்றன. இடம் இல்லாத வாசலில் வீங்கிய இழைகள் பக்கத்து நுண்குழாய்களை நசுக்குகின்றன. இரத்தம் இன்னும் குறைகிறது.

இதே நரம்பைத் தாக்கும் இன்னொரு இரத்தக்குறை நோயில் மருத்துவம் வென்றதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. முதியவர்களின் தலைத் தமனிகளில் வரும் அழற்சி அது. நெற்றிப்பொட்டில் சிவந்து வலித்த கோடுகளால் தொப்பி அணிய முடியாமல் தவித்த ஒரு முதியவரைப் பற்றி லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 1890இல் எழுதினார். 1932இல் மேயோ மருத்துவமனையின் ஹார்ட்டனும் சகாக்களும் அந்தத் தமனியை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். 1950களில் கார்ட்டிசோன் கைக்கு வந்ததும் அந்நோயின் போக்கே மாறியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டு அந்த நோயாளிகளுக்குப் போன பார்வையைத் திருப்பித் தருவது அரிது. அழற்சி தொடர்ந்து எரிந்துகொண்டிருப்பதால் அடுத்த கண்ணும் நாட்களிலோ வாரங்களிலோ போகும் ஆபத்து உண்டு; அதைத்தான் மருந்து தடுக்கிறது. ஆனால் அழற்சியில்லாத நம் நோயில் அடி பெரும்பாலும் ஒரே முறை விழுந்து முடிந்துவிடுகிறது. ஒன்றில் பலித்த மருந்து மற்றொன்றிலும் பலிக்கும் என்ற எதிர்பார்ப்பு இந்த வேற்றுமையை நெடுங்காலம் மறைத்தே வந்தது.

1989இல் பெரிய நம்பிக்கை ஒன்று பிறந்தது. பார்வை நரம்பைச் சுற்றி ஓர் உறை உண்டு. அதனுள் மூளையைச் சூழ்ந்திருக்கும் அதே நீர் இருக்கிறது. அந்த உறையில் சிறு சாளரம் வெட்டினால் அழுத்தம் குறைந்து நரம்பு மூச்சுவிடும் என்பது கருத்து. உறையை வெட்டும் முறை புதியதன்று. மூளை அழுத்தத்தால் நரம்பு வீங்கியவர்களுக்கு 1872இலேயே டி வெக்கர் அதைச் செய்திருந்தார். அமெரிக்காவின் செர்காட்டும் சகாக்களும் இதை இரத்தக்குறை நோயில், அதுவும் நாளுக்கு நாள் மோசமாகும் வகையில், செய்து பார்த்துப் பலருக்குப் பார்வை தேறியதாக எழுதினார்கள். இந்த நோயில் பார்வை தானாகத் தேறுவது அபூர்வம் என்பதே அன்றைய பொது எண்ணம். ஆகவே தேறியவர்கள் எல்லாரும் கத்தியால் தேறியவர்கள் என்று கொள்வது இயல்பாக இருந்தது. அறுவை வேகமாகப் பரவியது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் இதைச் சோதித்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்து, 1992இல் பல மருத்துவமனைகள் சேர்ந்த ஆய்வைத் தொடங்கியது. பார்வை போய் 14 நாட்களுக்குள் வந்த 244 நோயாளிகளில் 119 பேருக்கு அறுவை. 125 பேருக்குக் கவனமான கண்காணிப்பு மட்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது.

1995 பிப்ரவரியில் ஜாமா இதழில் முடிவு வெளியானது. ஆறு மாத முடிவில் எழுத்துப் பலகையில் மூன்று வரிகளோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் அறுவை செய்துகொண்டவர்களில் 32.6 சதவீதம். எதுவும் செய்யாதவர்களில் 42.7 சதவீதம். மூன்று வரிகளோ அதற்கு மேலோ பார்வை இன்னும் மோசமானவர்கள் அறுவைப் பிரிவில் 23.9 சதவீதம், கண்காணிப்புப் பிரிவில் 12.4 சதவீதம். அறுவை பயனற்றது, தீங்கும் செய்யக்கூடும் என்பதால் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. நாளுக்கு நாள் மோசமாகும் வகையினருக்காவது இது உதவுமா என்ற கேள்வியும் விடப்படவில்லை. அவர்களிடமும் வேறுபாடு தெரியவில்லை. அறுவை தோற்றதைவிடப் பெரிய செய்தி அந்த 42.7 என்ற எண்ணில் இருக்கிறது. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் பத்தில் நான்கு பேருக்கு எழுத்துகள் முன்னிலும் தெளிவாகத் தெரிகின்றன என்பதை அதற்குமுன் எவரும் அறிந்திருக்கவில்லை. அந்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு நரம்பு தேறியதால் வந்தது, இன்னொரு பங்கு நோயாளி மீந்த பார்வைப் பகுதியைச் சாய்த்துப் பார்க்கப் பழகியதால் வந்தது என்று கொள்ள இடமுண்டு. எப்படியானாலும், அந்த ஆண்டுக்குப் பிறகு பத்தில் நான்கு பேர் தேறியதைக் காட்டி ஒரு மருந்தைப் பாராட்ட எவருக்கும் உரிமையில்லை.

இதற்கு மனிதாபிமானத்தின் பெயரால் ஓர் எதிர்ப்பு உண்டு, அதை மதிக்கிறேன். பார்வையை இழந்து வந்து நிற்பவரிடம் குலுக்கலில் உங்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கும் பிரிவு வந்திருக்கிறது என்று சொல்வது கொடுமை அல்லவா? கெட்டது நடக்காத ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பதில் என்ன குறை? கெட்டது நடக்காது என்பதை எப்படி அறிந்தோம் என்பதே என் பதில் கேள்வி. இரக்கத்தோடு வெட்டிய கண்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மேலும் மோசமானது; வெட்டாமல் விட்ட கண்களில் எட்டில் ஒன்று. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல் அந்த அறுவை இன்னும் இருபது ஆண்டுகள் நீடித்திருந்தால், ஒவ்வொரு மருத்துவரும் தேறியவர்களை நினைவில் வைத்து, மோசமானவர்களை நோயின் கணக்கில் எழுதியிருப்பார். அந்த 125 பேர் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் அல்லர். பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோரின் கண்களைக் காத்தவர்கள்.

இனி நரம்பு செல்லைக் காக்கும் மருந்துகளுக்கு வருவோம். இந்தக் கருத்து மூளை ஆய்வில் பிறந்து கண்ணுக்கு வந்தது என்றே பலர் எழுதுகிறார்கள். அதன் ஒரு முக்கிய வேர் கண்ணிலேயே இருக்கிறது. 1957இல் லூக்காஸும் நியூஹவுஸும் குட்டி எலிகளுக்குக் குளுடமேட் ஊசி போட்டபோது விழித்திரையின் உள்ளடுக்குகள் அழிவதைக் கண்டார்கள். நரம்பு செல்கள் தமக்குள் பேசப் பயன்படுத்தும் அதே பொருள் மிகுந்தால் நஞ்சாகிறது என்பதை 1969இல் ஜான் ஓல்னி பொதுக் கொள்கையாக வளர்த்தார். 1972இல் கெர், வில்லி, கர்ரி மூவரும் செல்கள் திட்டமிட்டுத் தம்மையே முடித்துக்கொள்ளும் மரண வகையை விவரித்தார்கள். 1981இல் ஆஸ்ட்ரப்பும் சகாக்களும் பக்கவாதத்தில் மூளையின் இறந்த மையத்தைச் சுற்றி, செயல் நின்றும் உயிர் போகாத விளிம்பு ஒன்று இருப்பதைச் சொன்னார்கள். 1996இல், இரத்தக்குறை நோயால் தாக்கப்பட்ட மனிதக் கண் ஒன்றிலேயே நரம்பு செல்கள் திட்டமிட்ட மரணத்தின் அடையாளங்களோடு இறப்பதை லெவினும் சகாவும் காட்டினார்கள். 2003இல் மேரிலாந்தின் பெர்ன்ஸ்டைன் குழு எலியின் இரத்தத்தில் ரோஸ் பெங்கால் என்ற சாயத்தைச் செலுத்தி, நரம்பு முனையில் பச்சை லேசரைப் பாய்ச்சி, நுண்குழாய்களை அடைத்து, இந்த நோயையே எலியில் உருவாக்கியது. அடி விழுந்ததும் எல்லா செல்களும் சாவதில்லை, வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்பது தெரிந்தது. அவகாசம் இருக்கிறது என்ற நம்பிக்கை இப்படித்தான் பிறந்தது.

மனிதரிடம் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. எலிகளில் செல்களைக் காத்த பிரிமோனிடின் சொட்டு மருந்தை ஐரோப்பாவில் 36 நோயாளிகளிடம் சோதித்து 2006இல் வெளியிட்டபோது பயன் தெரியவில்லை. குளுடமேட்டின் நஞ்சைத் தடுக்கும் மெமண்டினை, கண் அழுத்த நோயால் நரம்பு தேய்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. ஸ்டீராய்டின் கதை சிக்கலானது. 2008இல் ஹேரே 613 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். பார்வை வெகுவாகக் குறைந்து இரண்டு வாரத்துக்குள் வந்தவர்களில் ஸ்டீராய்டு எடுத்தோரில் 69.8 சதவீதமும் எடுக்காதோரில் 40.5 சதவீதமும் தேறினார்கள். இத்தனை பெரிய அனுபவத்தை ஒதுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு; அந்த மனிதரின் வாழ்நாள் உழைப்புக்கு முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் எடுப்பதா வேண்டாமா என்பதை அங்கே நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள். கட்டுக்கடங்காத சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்கள் ஸ்டீராய்டைத் தவிர்ப்பது இயல்பு. அவர்கள் குறைவாகத் தேறுவதும் இயல்பு. 2018இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 38 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது ஸ்டீராய்டால் வீக்கம் விரைவாக வடிந்தது. இறுதிப் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 38 சிறிய எண்தான். ஆனாலும் ஹேரேயின் எண்ணிக்கைப் பெருக்கத்தால் தீர்க்க முடியாத ஐயத்தை இந்தச் சிறிய ஆய்வின் குலுக்கல் தொட்டது.

அடுத்து வந்தது இந்தத் துறையின் மிகத் துணிந்த முயற்சி. செல்லின் தற்கொலைக் கட்டளையில் பங்குவகிக்கும் கேஸ்பேஸ்-2 என்ற நொதி உருவாவதையே தடுக்கும் ஆர்.என்.ஏ. துணுக்கைக் குவார்க் நிறுவனம் உருவாக்கியது. 2013இல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் அதனோடு கைகோத்தது. இந்தியா உட்படப் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தினார்கள்; மற்றொரு பிரிவினருக்கு ஊசி போடும் பாவனை மட்டும். சோதனையின் கட்டமைப்பில் 1995இன் பாடம் முழுமையாக இருந்தது. மருந்து பயனை நிறுவாமலே ஆய்வு நின்றுபோனது.

ஏன் இப்படி? இரண்டு காரணங்கள் எனக்கு முதன்மையாகப் படுகின்றன. ஒன்று நேரம். உறை அறுவை ஆய்வைப்போல குவார்க் சோதனையிலும் 14 நாட்கள் வரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். எலிக்கு மருந்து மணிக்கணக்கில் கிடைக்கிறது. 1995 டிசம்பரில் மூளைப் பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து வென்றது மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்ததால்தான். நம் நோயில் கரைக்கக் கட்டி இல்லை என்பது உண்மை. இரத்தமின்றித் தவிக்கும் நரம்பு கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்பது இரண்டுக்கும் பொது. மற்றது, எந்தப் பகுதியைக் காக்கிறோம் என்பது. 2005இல் லிபியும் சகாக்களும், செல்லைக் கொல்லும் பாக்ஸ் என்ற மரபணு இல்லாத எலிகளில் கண் அழுத்த நோய் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். விழித்திரையில் செல்லுடல்கள் பிழைத்திருந்தன. அவற்றின் இழைகளோ அழிந்திருந்தன. உடல் பிழைத்து இழை அறுந்த செல் மூளைக்கு எந்தச் செய்தியையும் அனுப்பாது. மின் நிலையத்தைப் பாதுகாத்துவிட்டுக் கம்பியை அறுபட விட்டால் ஊரில் விளக்கெரியாது. இரத்தக்குறை நோயில் அடி விழுவது இழையின் மீது. செல்லுடலைக் காக்கும் மருந்துகள் பெரும்பாலும் அடி விழாத இடத்திலேயே காவல் நின்றன.

அப்படியானால் நரம்பு காப்பு என்ற கருத்தே பொய்யா? பக்கவாத ஆய்விலும் இதே குரல் எழுந்தது. 2006இல் அங்கே முயன்று பார்த்த 1,026 வழிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விலங்கில் பலித்தவை மனிதரிடம் கைவிட்டதே தெரிந்தது. ஆனாலும் முற்றிலும் கைகழுவ நான் உடன்படவில்லை. 2016இல் பிரிட்டனில், அழற்சியால் பார்வை நரம்பு தாக்கப்பட்ட 86 பேரிடம் ஃபெனிட்டாயின் என்ற பழைய வலிப்பு மாத்திரையை இரண்டு வாரத்துக்குள் தொடங்கிச் சோதித்தார்கள். விழித்திரையின் நரம்பிழை அடுக்கு தேய்வது 30 சதவீதம் குறைந்தது. இழைக்குள் சோடியம் பெருகுவதைத் தடுத்ததே அந்த மருந்தின் வேலை, அதாவது அது இழையைக் குறிவைத்தது. பார்வை அளவீடுகளில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே வெற்றி என்று முழங்க முடியாது. மனித நரம்பிழையை மருந்தால் காக்க முடியும் என்பதற்கு அது சான்று. அறுந்த இழை வளரவே வளராது என்ற பழைய முடிவைக்கூட 1980களில் மாண்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ அசைத்துப் பார்த்தார். கால் நரம்பின் துண்டை ஒட்டவைத்ததும் விழித்திரைச் செல்களின் இழைகள் அதனூடே வளர்ந்தன. அடுத்த ஆய்வு நாட்கணக்கை விட்டு மணிக்கணக்குக்கு வர வேண்டும், செல்லுடலோடு இழையையும் குறிவைக்க வேண்டும், சிகிச்சையில்லாத பிரிவு ஒன்றையும் தவறாமல் வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் இந்த நோயாளிகளுக்கு மெத்தில்கோபாலமின், சிட்டிகோலின் போன்ற மாத்திரைகள் நரம்புச் சத்தாக எழுதித் தரப்படுவதுண்டு. அவை இந்த நோயில் பார்வையை மீட்கும் என்பது பெரிய குலுக்கல் சோதனை எதிலும் நிறுவப்படவில்லை. மாதக்கணக்கில் அவற்றுக்குச் செலவிடும் பணமும் மனமும் மற்றக் கண்ணின் பக்கம் திரும்ப வேண்டும். உறை அறுவையைச் சோதித்த அந்த அமெரிக்க ஆய்வின் நோயாளிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டுகளில் அடுத்த கண்ணும் தாக்கப்பட்டது. சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை இரவில் சாப்பிடுபவர்கள் அந்த நேரம் பொருத்தமானதுதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். குறட்டையோடு மூச்சுத் தடைபடுகிறவர்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடைக்குறைப்புக்கும் சர்க்கரைக்கும் செமாக்ளுட்டைட் எடுப்பவர்களிடம் இந்த நோய் மிக அரிதான பக்கவிளைவாக வரக்கூடும் என்று 2025 ஜூனில் ஐரோப்பிய மருந்து முகமை அறிவித்திருக்கிறது. எடுப்பவர்கள் பார்வையில் மாற்றம் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. ஐம்பதைக் கடந்தவருக்குப் பார்வை திடீரென மங்கினால், வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூடவே தலைவலியோ மெல்லும்போது தாடை வலியோ இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அது தமனி அழற்சியாக இருந்தால், அன்றைக்கே தொடங்கும் ஸ்டீராய்டு அடுத்த கண்ணைக் காப்பாற்றும்.